மாதக் கடைசியில் துண்டு விழுகிறது: எதைப் பிடிப்பது, எதை விடுவது?

துண்டுவிழுந்தவன்:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கிறோம். வருமானம் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மாதக் கடைசி வந்தால் துண்டு விழுகிறது. வெளியில் சாப்பிடுவதை நிறுத்தியாகிவிட்டது. சினிமா இல்லை, புத்தகம் வாங்குவது இல்லை. வீட்டில் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதுதான் மிச்சம், கையில் எதுவும் மிச்சமில்லை. போதாததற்குக் கிரெடிட் கார்டில் ஒரு பாக்கி பல மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

இணையத்தில் தேடினால் ‘நூறு சிக்கன வழிகள்’ வகையறாதான் கிடைக்கிறது. தேய்ந்த சோப்பை ஒட்டவைப்பது, பற்பசைக் குழாயை வெட்டித் திறப்பது... அதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கே தொடங்குவது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழையசைக்கிள்:

ஒரு கேள்வி, யோசிக்காமல் பதில் சொல்லுங்கள். போன வருஷம் உங்கள் வீட்டின் மொத்தச் செலவு எவ்வளவு? மாதச் செலவு இல்லை, வருஷச் செலவு.

மாத பட்ஜெட் போடுகிற பலர் சறுக்குவது இங்கேதான். வாடகை, மளிகை, மின்கட்டணம், தவணை எல்லாம் ஒழுங்காக எழுதுவார்கள், கூட்டினால் சம்பளத்துக்குள் அடங்கும். அப்புறம் ஏன் துண்டு விழுகிறது? காப்பீட்டுப் பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி டயர், பல் வைத்தியம், உறவில் ஒரு கல்யாணம். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் தலைகாட்டும். ஆனால் இப்படி ஒரு டஜன் இருந்தால் மாதம் ஒன்று வந்து நிற்குமே! நாமும் மாதா மாதம் ‘இந்த மாதம் மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது’ என்று சொல்லிக்கொண்டிருப்போம். எந்த மாதம் வரும் என்பது தெரியாமல் இருக்கலாம், வரும் என்பது தெரியும். அதை எதிர்பாராத செலவு என்று சொல்வது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

12 மாத வங்கிக் கணக்கை இறக்கி, இந்த மாதிரிச் செலவுகளை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். 12-ஆல் வகுங்கள். வரும் தொகையைச் சம்பளம் வந்த கையோடு இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்குக்குக் கார்டு வேண்டாம், போனில் செயலியும் வேண்டாம்.

துண்டுவிழுந்தவன்:

அண்ணே, உட்கார்ந்து கூட்டிவிட்டேன். மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை வருபவைதான். கூடவே, யாரும் பார்க்காத சில சந்தாக்கள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. ரத்து செய்தாயிற்று. சேர்வதற்கு ஒரு பொத்தான், விலகுவதற்குப் பக்கம் பக்கமாகக் கேள்வி. அது தனிப் புலம்பல், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கணக்கன்:

அடுத்தது விகிதம். 50/30/20 என்ற கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பின்னாளில் அமெரிக்க செனட்டர் ஆன எலிசபெத் வாரன், தன் மகளோடு சேர்ந்து 2005-இல் பரப்பியது. கைக்கு வரும் பணத்தில் பாதி கட்டாயச் செலவுக்கு, 30 சதவீதம் விருப்பத்துக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கும் கடனடைப்புக்கும். இந்த எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். வாடகை எகிறிக் கிடக்கும் ஊர்களில் 50-க்குள் நிற்பது நடக்காத காரியம். ஆனால் நோய் எந்த இடத்தில் என்று காட்டிக்கொடுக்கும்.

எது கட்டாயம் என்பதற்கு நான் வைக்கும் சோதனை: நாளைக்கே வேலை போனாலும் இதைக் கட்டித்தான் ஆக வேண்டுமா? வாடகை, வீட்டுக்கடன், வண்டித் தவணை, காப்பீடு, அடிப்படைச் சாப்பாடு. இவை மட்டுமே 70 சதவீதத்தைத் தின்றுகொண்டிருந்தால் சினிமாவை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? மிஞ்சிய 30-இல் கத்தரி போட்டால் வாழ்க்கை சுருங்கும், துண்டு விழுவது நிற்காது. அணையில் ஓட்டையை வைத்துக்கொண்டு சிறுதுளி பெருவெள்ளம் என்று காத்திருப்பதுபோலத்தான்.

இரண்டாவது வண்டியை விற்பது, வாடகை ஒப்பந்தம் முடியும்போது ஓர் அறை குறைந்த வீட்டுக்கு மாறுவது, வீட்டுக்கடன் வட்டியைக் குறைக்கச் சொல்லி வங்கியில் கேட்பது. இதெல்லாம் ஒரே ஒரு தடவை எடுக்க வேண்டிய முடிவு. அதற்குப் பிறகு மாதா மாதம் பணம் தானாக மிஞ்சும், மனசைக் கட்டுப்படுத்த வேண்டிய வேலையே இல்லை. ஆசையை அடக்குவது அப்படியா? அதைத் தினமும் செய்ய வேண்டும், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தோற்போம்.

தேன்சிட்டு:

கணக்கன் சார், சொல்வது சுலபம். வீடு மாறினால் பிள்ளையின் பள்ளி மாறும், பெரியவர்களுக்கு மருத்துவமனை தூரமாகும், சாமான் ஏற்றி இறக்கவே ஒரு செலவு. பெரிய முடிவுகள் பெரும்பாலும் நம் கையில் இல்லை. அன்றாடம் கையில் இருப்பது சமையலறையும் சுவிட்சும்தான். அதைக் கேவலமாகப் பேசாதீர்கள்.

என் வீட்டில் பலன் கொடுத்ததை மட்டும் சொல்கிறேன். மலிவாக வாங்குவதைவிட வீணாக்காமல் இருப்பதில்தான் அதிகம் மிஞ்சுகிறது. வாரத்தில் ஒருநாள் எதுவும் வாங்காமல், வீட்டில் இருப்பதை வைத்தே சமையல். ஃபிரிட்ஜில் முதலில் கெட்டுப்போகும் பொருள் எதுவோ அது கண்ணுக்கு நேராக, முன்வரிசையில். கடையில் பொட்டலத்தின் விலையைப் பார்க்காதீர்கள், கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன ஆகிறது என்று பாருங்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பது சுத்தப் பொய். விலையை அப்படியே வைத்துக்கொண்டு எடையைக் குறைக்கிற வித்தையும் இப்படிப் பார்த்தால்தான் பிடிபடும்.

துவைக்கும் இயந்திரத்தில் வெந்நீர் வைத்தால், மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சுட வைக்கவே போகிறது, மோட்டாருக்குக் கொஞ்சம்தான். அன்றாடத் துணிக்குப் பச்சைத்தண்ணீர் போதும். குண்டு பல்பு எங்காவது மிச்சமிருந்தால் எல்இடிக்கு மாற்றுங்கள், அதே வெளிச்சத்துக்கு முக்கால்வாசி மின்சாரம் மிச்சமாகும். போன் சார்ஜரைப் பிடுங்கிவைப்பதில் வருவது சில்லறை. அதற்காகப் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம்.

கணக்கன்:

தேன்சிட்டு அம்மா, சண்டையே இல்லை. வீணாவதைக் குறைத்தால் வீட்டில் யாரும் எதையும் இழப்பதில்லை, அதனால் அது நிலைக்கும். நான் எதிர்ப்பது சந்தோஷத்தில் மட்டும் கைவைக்கிற சிக்கனத்தை.

வட்டிக்குட்டி:

கடன் வசூல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எந்த வங்கி என்று கேட்காதீர்கள். எல்லாரும் சேமிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கேட்டவரின் கார்டு பாக்கி ஓரமாகக் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. துண்டுவிழுந்தவன், ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டிவருகிறீர்களா? ஆமாம் என்றால் கீழே இருக்கும் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

பாக்கி 1,000 என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம். முதல் மாதம் வட்டி சேர்ந்து 1,030. நீங்கள் 51.50 கட்டுவீர்கள், பாக்கி 978.50. பாக்கி குறைந்ததால் அடுத்த மாதம் கேட்கிற தொகையும் சற்றுக் குறையும். நமக்கு நிம்மதியாக இருக்கும். பொறியே அதுதான். இப்படியே போனால் 1,000 பாதியாகக் குறையவே ஏறக்குறைய 32 மாதம் ஆகும். அதற்குள் நீங்கள் கட்டியிருப்பது சுமார் 1,200. அதாவது 500 குறைக்க 1,200.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். முதல் மாதம் கட்டிய அதே 51.50-ஐ, பில்லில் எவ்வளவு குறைத்துக் கேட்டிருந்தாலும், மாதா மாதம் கட்டுங்கள். 30 மாதத்தில் மொத்தக் கடனும் தீர்ந்துபோகும். முதல் மாதம் தாங்க முடிந்த தொகைதான், அதற்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கார்டில் புதுச் செலவு கூடாது. பாக்கி வைத்திருக்கிறவருக்குப் பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இன்னொன்று, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் சொல்கிறேன். கட்ட முடியாது என்று தெரிந்தால் தவணை தவறுவதற்கு முன்பே போன் செய்யுங்கள். தவறுவதற்கு முன் பேசுகிறவருக்குத் தவணையை நீட்டவோ, வட்டி குறைந்த கடனாக மாற்றவோ எங்களிடம் வழி இருக்கும். போனை எடுக்காமல் இருப்பவருக்கு அந்த வழி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரும்.

மழைக்காலம்:

எனக்கு ஒரு கடன் இல்லை, நாலைந்து. கார்டு, தனிநபர் கடன், கடையில் தவணைக்கு எடுத்த போன், நண்பரிடம் கைமாற்று. எதை முதலில் அடைப்பது?

வட்டிக்குட்டி:

எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, மிஞ்சுவது முழுவதையும் வட்டி அதிகமான கடனில் போடுங்கள். கணக்குப்படி இதைவிட மலிவான வரிசை கிடையாது.

நிலாமுற்றம்:

கணக்கு சரிதான், மனுஷன் கணக்குப்படி நடப்பதில்லையே! வட்டி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் சின்னக் கடனை முதலில் முடியுங்கள். பட்டியலில் ஒரு வரியை அடித்துவிட்டால் வருகிற தெம்பு தனி. கார்டு வட்டி மட்டும் மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு என்றால் வட்டிக்குட்டி சொல்வதைக் கேளுங்கள், தெம்பெல்லாம் அப்புறம். கைமாற்றுக்கு வட்டி இல்லை என்று கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். ‘இந்தத் தேதிக்குள் இவ்வளவு தருகிறேன்’ என்று நண்பரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்றாடங்காய்ச்சி:

இழையை முழுக்கப் படித்தேன். எல்லாரும் ‘சம்பளம் வந்ததும்’ என்றே ஆரம்பிக்கிறீர்கள். எனக்குச் சம்பளமே இல்லை. வேலை இருந்தால் காசு. ஒரு மாதம் கை நிறைய வரும், அடுத்த மாதம் பாதிகூட வராது. ஐம்பது, முப்பது, இருபது எல்லாம் எதில் போடுவது? சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஓரளவு இருக்கிறவர்கள்தான். வெட்டுவதற்கே எதுவும் இல்லாதவனுக்கு என்ன சொல்வீர்கள்?

நிலாமுற்றம்:

நியாயமான கேள்வி. இரண்டையும் பிரித்துப் பேசுகிறேன்.

வருமானம் ஏறி இறங்குவது ஒரு சிக்கல். இதற்கு வழி இருக்கிறது. போன வருஷத்தில் மிகக் குறைவாக வந்த மாதங்களைப் பாருங்கள். அந்த அளவை உங்கள் ‘சம்பளம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவதெல்லாம் ஒரு கணக்கில் விழட்டும், அதிலிருந்து மாதம் ஒரே தேதியில் அந்தச் சம்பளத்தை மட்டும் வீட்டுக் கணக்குக்கு எடுங்கள். நல்ல மாதத்தில் மிஞ்சுவது அங்கேயே கிடக்கும், மோசமான மாதத்தில் அதுவே சம்பளம் கொடுக்கும். முதலில் கொஞ்சம் சேரும்வரை கஷ்டம்தான். சேர்ந்த பிறகு ‘இந்த மாதம் எப்படி’ என்ற பதைபதைப்பு குறையும். வரி கட்ட வேண்டியவர் என்றால் அதையும் வந்த உடனே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அது உங்கள் பணமே இல்லை.

வருமானமே போதவில்லை என்பது வேறு சிக்கல். அதற்குச் சிக்கனத்தை மருந்தாகக் கொடுப்பது போலித்தனம். 2013-இல் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரியான யோசிக்கும் சோதனைகள் வைத்தார்கள். கையில் காசு இல்லாத அறுவடைக்கு முந்தைய காலத்தில் அதே ஆட்களின் திறன் குறைந்திருந்தது. பணத்தட்டுப்பாடே மூளையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ஆகவே ‘ஏழைக்குத் திட்டமிடத் தெரியாது’ என்று பேசுகிறவர்களை விட்டுத் தள்ளுங்கள். உங்கள் நிலையில் ஒரு மாதச் செலவில் கால்பங்கு கையிருப்பு சேர்ந்தாலே பெரிய விஷயம். அரசாங்கத்தில் உங்களுக்குச் சேர வேண்டிய உதவி ஏதாவது கேட்காமல் கிடக்கிறதா என்று பாருங்கள். செய்கிற வேலைக்குக் கூலியை உயர்த்திக் கேட்க வழி உண்டா என்றும் பாருங்கள். உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டியது அங்கே, சோப்புத் துண்டில் இல்லை.

அன்றாடங்காய்ச்சி:

குறைந்த மாதத்தைச் சம்பளமாக வைப்பது நல்ல யோசனை. நன்றி அக்கா. பழைய வாடிக்கையாளர்கள் சிலரிடம் வெகுநாளாகக் கூலியை உயர்த்தவே இல்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

ஒற்றையடிப்பாதை:

யாரும் தொடாத ஒரு விஷயம்: வீட்டில் பணத்தைப் பற்றி எப்படிப் பேசுவது. எங்கள் வீட்டில் ‘இது எதற்கு வாங்கினாய்?’ என்ற கேள்வியில்தான் எல்லாச் சண்டையும் ஆரம்பிக்கும். இப்போது ஆளுக்கு ஒரு தொகை, கணக்குக் கேட்காத கைச்செலவுப் பணம். இரண்டு பேருக்கும் ஒரே அளவு, யார் அதிகம் சம்பாதித்தாலும். அதில் அவர் என்ன வாங்கினாலும் நான் வாயைத் திறப்பதில்லை. (நூல்கண்டுகளாக வாங்கிக் குவிக்கிறார். பார்க்காததுபோல் போகிறேன்.)

இந்தக் கைச்செலவை மட்டும் நோட்டாக எடுத்துக்கொள்கிறோம். கார்டில் தேய்க்கும்போது கை தாராளமாகிவிடுகிறது என்பது வெறும் பேச்சு இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டி நுழைவுச்சீட்டை ஏலம் விட்டபோது, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கம் கட்ட வேண்டியவர்களைவிட மிக அதிகமாகக் கேட்டார்கள், கிட்டத்தட்ட இரண்டு மடங்குவரை. பில், வாடகை எல்லாம் வங்கி வழியே போகட்டும், அதில் சபலத்துக்கு இடமில்லை. சபலம் இருக்கிற இடத்தில் மட்டும் ரொக்கம்.

மழைக்காலம்:

கணக்கு எழுதச் செயலி நல்லதா, நோட்டுப் புத்தகமா?

தேன்சிட்டு:

எது தொடர்ந்து எழுத வைக்கிறதோ அது. எனக்கு நோட்டு. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-இலேயே குடும்பக் கணக்கு நோட்டு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார், அந்த வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. கையால் எழுதும்போது ‘அட, இது இரண்டாவது தடவையா?’ என்று உறைக்கிறது. செயலி தானாகவே எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறது, நாம் பார்ப்பதே இல்லை.

பழையசைக்கிள்:

‘நன்றாக வாழ்வது’ பக்கம் இன்னும் யாரும் வரவில்லை. துண்டுவிழுந்தவன் முதல் பதிவில் சொன்னதைப் பாருங்கள். புத்தகத்தையும் சினிமாவையும் நிறுத்தியிருக்கிறார், கார்டு வட்டியை நிறுத்தவில்லை. வரிசை தலைகீழ். வீடே எதிர்பார்த்துக் காத்திருக்கிற ஒன்றிரண்டு சந்தோஷங்களைத் தொடாதீர்கள். எதற்கு வாங்குகிறோம் என்றே தெரியாமல் வாங்குவதை ஈவு இரக்கமில்லாமல் வெட்டுங்கள். நூலகத்தில் உறுப்பினர் ஆனால் புத்தகமும் திரும்பி வரும், காசும் போகாது.

பிரெஞ்சுத் தத்துவஞானி தெனி திதரோ பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். அவருக்கு அழகான புது அங்கி ஒன்று வந்தது. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அறையில் இருந்த நாற்காலி, மேசை, படம் எல்லாம் அசிங்கமாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக மாற்றினார், செலவு ஏறியது. 1988-இல் கிராண்ட் மக்ராக்கன் என்ற மானிடவியலாளர் இதற்குத் ‘திதரோ விளைவு’ என்றே பெயர் வைத்துவிட்டார். புதுப் போன் வாங்கினால் புது உறை, புது இயர்போன், புதுக் கடிகாரம் என்று போவது இதுதான். ஒரு பொருளை வாங்கும்போது அது இன்னும் என்னென்ன கேட்கும் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தினம் பயன்படுத்துவதில் கஞ்சத்தனம் வேண்டாம். செருப்பு, மெத்தை, மூக்குக்கண்ணாடி, சமையல் கத்தி. எத்தனை நாள் உழைக்கும் என்று வகுத்துப் பார்த்தால் விலை கூடியதுதான் பல சமயம் மலிவு. வருஷத்தில் இரண்டு தடவை எடுக்கும் துளைபோடும் கருவியை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்குங்கள். பல் வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சொத்தையை அடைக்கிற செலவு எங்கே, வேர் சிகிச்சை செலவு எங்கே!

துண்டுவிழுந்தவன்:

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். சினிமா திரும்பி வந்துவிட்டது, பிள்ளைக்கு அதுவே போதும். இரண்டு கேள்வி பாக்கி. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. அதை எடுத்துக் கார்டு பாக்கியை அடைத்துவிடலாமா, அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? அடுத்தது, மனைவிக்கு விரைவில் சம்பள உயர்வு வருகிறது. அதை என்ன செய்வது?

வட்டிக்குட்டி:

முதல் கேள்விக்கு: சேமிப்புக்கு வங்கி கொடுக்கிற வட்டியையும் கார்டு பிடுங்குகிற வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மாதம் 3 சதவீதம் என்பது வட்டிக்கு வட்டியோடு வருஷத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல். எந்தச் சேமிப்பும் அதற்கு ஈடு கொடுக்காது. ஒரு மாத அடிப்படைச் செலவுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைக் கார்டில் போடுங்கள். முழுக்கத் துடைத்துப் போட்டுவிட்டால் அடுத்து வண்டி நின்றதும் மறுபடி அதே கார்டைத்தான் நீட்டுவீர்கள். கடன் தீர்ந்த பிறகு அதே 51.50 கணக்கை அவசர நிதிக்குத் திருப்புங்கள், மூன்று முதல் ஆறு மாதச் செலவு சேரும்வரை.

கணக்கன்:

இரண்டாவதுக்கு நான். ரிச்சர்ட் தேலர் (2017-இல் பொருளாதார நோபல் வாங்கியவர்), ஷ்லோமோ பெனார்ட்சி இருவரும் ஒரு நிறுவனத்தில் செய்து பார்த்து 2004-இல் வெளியிட்ட திட்டம் இதற்கென்றே அமைந்தது. ‘இப்போது சேமியுங்கள்’ என்று தொழிலாளர்களைக் கேட்கவில்லை. ‘அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போக இப்போதே சம்மதியுங்கள்’ என்றார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக ஏறியது. கையில் எடுத்துப் பழகாத பணம் என்பதால் யாருக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை.

நீங்களும் உயர்வு வருவதற்கு முன்பே வங்கியில் சொல்லி, உயர்வில் பாதி தானாகக் கார்டு பாக்கிக்குப் போகும்படி செய்துவிடுங்கள், மறுபாதியை வீட்டில் தாராளமாகச் செலவழியுங்கள். தேதியைச் சம்பளத்தன்றே போடாமல் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். இடையில் விடுமுறை வந்து சம்பளம் ஒருநாள் தாமதமானால், கணக்கில் பணம் இல்லையென்று திரும்பிப்போய் அதற்கு ஒரு அபராதம் பிடிப்பார்கள்.